வெசாக் கூட்டுக்குள் ஸ்ட்ரிப் லைட்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் முறை

முன்பெல்லாம் வெசாக்குக்குத் தொங்கவிடும் காகித விளக்குக் கூட்டுக்குள் ஒரு மெழுகுதிரியோ நாற்பது வோட் மின்குமிழோ இருந்தால் போதும். இப்போது எட்டுப்பட்டைக் கூட்டின் விளிம்பெல்லாம் நிறம் ஓட வேண்டும் என்கிறார்கள் பிள்ளைகள். அதற்குத் தேவையானவை நான்கே சாமான்: டபிள்யூஎஸ் 2812பி ரக 5 வோல்ட் எல்ஈடி ஸ்ட்ரிப், அதற்குக் கட்டளை அனுப்பும் கன்ட்ரோலர் போர்ட்டாக ஒரு ஈஎஸ்பி32 அல்லது ஆர்டுயினோ நானோ, 5 வோல்ட் பவர் சப்ளை, கொஞ்சம் வயர். புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருப் பக்கம் ஒரு சுற்று வந்தால் பெரும்பாலும் எல்லாம் கையில் இருக்கும். சிக்கல், வெசாக்குக்கு முதல் நாள் இரவு அதை எரியவைக்கும்போதுதான் தொடங்கும். கீழே உள்ளவை கூட்டுக்கு மட்டுமல்ல, தீபாவளி வாசலுக்கும் நத்தார் மரத்துக்கும் ஆடிவேல் அலங்காரத்துக்கும் அப்படியே பொருந்தும்.

ஸ்ட்ரிப்பில் உள்ள ஒவ்வொரு வெள்ளைச் சதுரத்தையும் இங்கே ‘குமிழ்’ என்கிறோம். அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரு சின்னச் சிப்பும் இருக்கின்றன. கன்ட்ரோலர் அனுப்பும் டேட்டாவில் முதல் குமிழ் தனக்குரிய 24 பிட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளும். ஒரு குமிழுக்கு 30 மைக்ரோ செக்கன். இந்தச் சங்கிலியை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிழைகளை இடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

புரோகிராமைத் திறப்பதற்கு முன் மல்டிமீற்றரை எடுங்கள். ஸ்ட்ரிப் எரிந்துகொண்டிருக்கும்போதே மூன்று இடத்தில் வோல்ட் பாருங்கள்: பவர் சப்ளையின் திருகில், ஸ்ட்ரிப்பின் தலையில் (டேட்டா நுழையும் முனை), ஸ்ட்ரிப்பின் வாலில் (மறுமுனை). சும்மா இருக்கும்போது எடுத்த அளவு எதற்கும் உதவாது. புரோகிராம் பிழை என்று நினைத்து நள்ளிரவு வரை அதை மாற்றுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு, உண்மையில் கறுப்பு (நெகட்டிவ்) வயர் ஒன்று கழன்றிருக்கும்.

ஒன்றுமே எரியவில்லை

முதலில் அம்புக்குறி. ஸ்ட்ரிப்பின் மேல் சின்னதாக அம்பு அச்சிட்டிருக்கும். அது கன்ட்ரோலரிலிருந்து விலகிப் போகும் திசையைக் காட்ட வேண்டும். இரண்டு முனையிலும் கொனெக்டர் இருப்பதால் வால் பக்கம் டேட்டாவைக் கொடுத்துவிடுவது சாதாரணம். அப்படிக் கொடுத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, எரியாது, அவ்வளவுதான்.

அம்பு சரி, தலையில் 5 வோல்டும் இருக்கிறது என்றால் அடுத்தது கறுப்பு வயர். கன்ட்ரோலருக்கு லெப்டொப் யூஎஸ்பியில் இருந்தும் ஸ்ட்ரிப்புக்குத் தனி பவர் சப்ளையில் இருந்தும் கரண்ட் எடுக்கும்போது, இரண்டின் நெகட்டிவையும் ஒன்றாக இணைக்க மறந்துவிடுவார்கள். டேட்டா என்பது நெகட்டிவோடு ஒப்பிட்ட வோல்ட்தான். ஒப்பிட ஒரு பொதுப் புள்ளி இல்லையென்றால் குமிழுக்கு ஒன்றும் விளங்காது. சில சமயம் கை பட்டால் மட்டும் கண்டபடி மினுங்கும். அப்படி மினுங்கினால் வேறெங்கும் தேடாதீர்கள், கறுப்பு வயர்தான்.

அதுவும் சரியா? டேட்டா வயர் ஈஎஸ்பி32இன் எந்தக் காலில் (பின்) இருக்கிறது என்று பாருங்கள். 34 முதல் 39 வரை உள்ள கால்கள் உள்ளே வாங்க மட்டுமே, வெளியே எதையும் அனுப்பாது. 6 முதல் 11 வரை உள்ளவை போர்ட்டின் சொந்த மெமரிக்குப் போகின்றன, தொடக்கூடாது. 16, 17, 18 போன்ற ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இருட்டு என்றால் முதல் குமிழ் செத்திருக்கலாம். முதலாவதைத் தாண்டி இரண்டாவதன் டேட்டா உள்வாயில் வயரைத் தொட்டுப் பாருங்கள். மிச்சம் முழுவதும் எரிந்தால் முதலாவதை வெட்டி எறிந்துவிடலாம். அது சாவதற்கு வழக்கமான காரணம், கரண்ட் இருக்கும்போதே கொனெக்டரைச் செருகுவது. நெகட்டிவ் தொடுவதற்கு முன் டேட்டா தொட்டால் முழுக் கரண்டும் அந்த மெல்லிய வழியால் திரும்பப் பார்க்கும். கழற்றுவது, பூட்டுவது எல்லாம் சுவிட்சை அணைத்தபின்தான். டேட்டா வயரில் முதல் குமிழுக்கு அருகே 330 அல்லது 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும், தலையின் பொசிட்டிவ் நெகட்டிவுக்குக் குறுக்கே 1000 மைக்ரோபரட் கெப்பாசிட்டர் ஒன்றும் (6.3 வோல்டோ அதற்கு மேலோ) போட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். பாடப்புத்தகத்துத் தடையி, கொள்ளளவி இவைதான். கடையில் அந்தப் பெயரில் கேட்டால் ஒரு நிமிடம் முழிப்பார்கள்.

தலையில் வெள்ளை, வாலில் மஞ்சள், கடைசியில் செம்மண் நிறம்

இதுதான் அதிகம் வரும் குறை. நீலமும் பச்சையும் எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும், சிவப்புக்கு 2 போதும். வோல்ட் குறையக் குறைய முதலில் நீலம் களைக்கும், பிறகு பச்சை, கடைசிவரை தாக்குப்பிடிப்பது சிவப்பு. ஆகவே வெள்ளை கொடுத்தால் வாலில் பழுப்பாகத் தெரிகிறது. சிவப்பு மட்டும் கொடுத்தால் குறை தெரியாது என்பதால் சோதனை எப்போதும் வெள்ளையில்தான்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு குமிழ் முழு வெள்ளையில் அதிகபட்சம் 60 மில்லி அம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. மீற்றருக்கு 60 குமிழ் கொண்ட 5 மீற்றர் சுருளில் 300 குமிழ். 18 அம்பியர்! ஸ்ட்ரிப்பின் முதுகில் இருக்கும் தாள்போன்ற செப்புப் பட்டையால் அதைக் கடைசிவரை கொண்டுபோக முடியாது. ஸ்ட்ரிப்பை நீட்டிப் போட்டு ஒரு முனையில் மட்டும் கரண்ட் கொடுத்தால் எந்தச் சப்ளை வாங்கினாலும் இதே கதைதான்.

தீர்வு, நடுவிலும் வாலிலும் கரண்ட் ஊட்டுவது. பவர் சப்ளையில் இருந்து தடித்த இரண்டு வயரை ஸ்ட்ரிப்போடு கூடவே ஓட்டி, 100 குமிழுக்கு ஒரு முறை பொசிட்டிவ் நெகட்டிவ் இரண்டையும் ஸ்ட்ரிப்பின் செப்புத் திட்டில் ஈயம் வைத்து ஒட்டுங்கள். வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் ஏற்றுவதில்லை என்றால் 150க்கு ஒரு முறை போதும். டேட்டா வயரைத் தொட வேண்டாம், அது தலையில் இருந்து மட்டுமே போகும்.

வயரின் தடிப்பு இங்கே பெரிய விஷயம். 0.75 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 3 மீற்றர் தூரத்துக்கு 10 அம்பியர் அனுப்பினால், போக 3, வர 3 என்று 6 மீற்றருக்கும் சேர்த்து 1.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 5 வோல்ட் 3.6 ஆகிப் போய்ச் சேரும். அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் என்றால் இழப்பு 0.4 வோல்ட். வீட்டு வயரிங்குக்கு விற்கும் 7/0.67 இந்த அளவுதான். அது விறைப்பாக இருப்பதால் கூட்டுக்குள் வளையாது. சப்ளையில் இருந்து கூடு வரை அதை ஓட்டி, உள்ளே நெகிழ்வான வயருக்கு மாறுங்கள்.

மலிவான ஸ்பீக்கர் வயர் பல, மேலே மெல்லிதாகச் செப்பு பூசிய அலுமினியம். பிளேட்டால் ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். செப்பைவிட இழப்பு அதிகம், ஈயமும் ஒழுங்காகப் பிடிக்காது, உப்புக் காற்றில் சீக்கிரம் பொடியாகும். வேண்டாம்.

ஊட்டும் ஒவ்வொரு வயருக்கும் சப்ளைப் பக்கத்தில் தனி ஃபியூஸ் போடுங்கள். பஞ்சிகாவத்தையில் வாகனச் சாமான் கடையில் கிடைக்கும் பிளேட் ஃபியூஸும் ஹோல்டரும் போதும், 5 அல்லது 7.5 அம்பியர். 5 வோல்ட்தானே, ஷொக் அடிக்காதே என்று அலட்சியம் வரும். ஷொக் அடிக்காதுதான். ஆனால் 40 அம்பியர் சப்ளை, மூங்கிலும் டிசுத் தாளும் கொண்ட கூட்டுக்குள் ஒரு ஷோர்ட்டுக்குக் கிடைத்தால் வயர் சிவக்கும், தாள் பற்றும்.

வெளிச்சம் எவ்வளவு ஏற்றினாலும் மங்கலாகவே இருக்கிறது

வோல்ட் எல்லா இடத்திலும் 5க்கு அருகே இருக்கிறது, நிறமும் சரி, ஆனால் மங்கல். டபிள்யூஎல்ஈடி என்ற இலவச மென்பொருளைப் போர்ட்டில் ஏற்றியிருந்தால் அதன் எல்ஈடி அமைப்புப் பக்கத்துக்குப் போங்கள். அங்கே கரண்ட் உச்சவரம்பு ஏற்றும்போதே 850 மில்லி அம்பியருக்குப் பூட்டப்பட்டிருக்கும். போன் சார்ஜரில் செருகுகிறவர்களைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு அது, பழுது இல்லை. உங்கள் சப்ளை 10 அம்பியர் என்றால் 8000 என்று போடுங்கள். முழுதாக 10000 போட வேண்டாம். சப்ளையில் எழுதிய அளவில் எண்பது வீதத்தைத் தாண்டாமல் ஓட்டினால்தான் அது இரவு முழுக்கத் தாங்கும்.

மினுங்குகிறது, நிறம் தாறுமாறாகப் பாய்கிறது

முதல் குமிழே குழம்பினால் அல்லது ஒரே நிறத்தில் உறைந்து நின்றால், அநேகமாக டேட்டாவின் வோல்ட் போதவில்லை. இந்தச் சிப், தனக்குக் கிடைக்கும் வோல்டில் 0.7 பங்குக்கு மேல் வந்தால்தான் அதை ‘ஒன்று’ என்று ஏற்கும். 5 வோல்டுக்கு அது 3.5. ஈஎஸ்பி32 கொடுப்பதோ 3.3. சட்டப்படி பார்த்தால் வேலையே செய்யக்கூடாது. ஆனால் மேசையில் 10 சென்ரிமீற்றர் வயரோடு வைத்தால் பெரும்பாலும் செய்யும், மாடியில் இருந்து கூடு வரை இழுத்தவுடன் கெடும். “நேற்று வரை வேலை செய்தது” என்ற புலம்பலில் பாதி இதுதான். ஆர்டுயினோ நானோ 5 வோல்டே கொடுப்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

முறையான மருந்து 74எச்சிடி245 அல்லது 74ஏஎச்சிடி125 சிப். 5 வோல்டில் ஓடும், 2 வோல்டையே ‘ஒன்று’ என்று எடுத்துக்கொண்டு வெளியே 5 வோல்டாகத் தரும். வாங்கும்போது பெயரில் உள்ள ‘டி’ (T) எழுத்தைக் கண்ணால் பாருங்கள். ‘டி’ இல்லாத 74எச்சி245 பார்க்க அச்சாக அதுவே, ஆனால் அதுவும் 3.5 வோல்ட் கேட்கும். போட்டும் போடாததும் ஒன்று. நான்கு வழி கொண்ட சின்னச் சிவப்பு அல்லது நீல ‘லெவல் கன்வேட்டர்’ பலகைகளையும் இதற்கு நம்ப முடியாது. அவை மெதுவான வேலைக்குச் செய்தவை, நொடிக்கு எட்டு லட்சம் பிட் போகும் இந்த ஓட்டத்தில் அலையின் விளிம்பு மழுங்கிவிடும்.

கடைகள் பூட்டியபின் என்றால் ஒரு குறுக்குவழி உண்டு, மோசமானதும் அல்ல. முதல் குமிழை மட்டும் ஸ்ட்ரிப்பில் இருந்து வெட்டி, அதன் பொசிட்டிவுக்கு 1என்4007 டயோட் ஒன்றின் வழியாகக் கரண்ட் கொடுங்கள், டயோடின் வெள்ளிக்கோடு குமிழைப் பார்த்தபடி. டயோடில் 0.7 வோல்ட் கழியும். அந்தக் குமிழுக்குக் கிடைப்பது 4.3, அது ‘ஒன்று’ என்று ஏற்பது 3.01க்கு மேல், ஈஎஸ்பியின் 3.3 அதைத் தாண்டிவிடும். அந்தக் குமிழ் வெளியே தருவது 4.3 வோல்ட் அளவு, அடுத்த குமிழ் கேட்கும் 3.5க்குத் தாராளம். மிச்ச ஸ்ட்ரிப்புக்கு டயோட் இல்லாமல் நேரே 5 வோல்ட். மொத்த ஸ்ட்ரிப்பையும் ஒரு டயோடின் வழியாக ஓட்டப் பார்க்காதீர்கள், டயோட் புகையும்.

டேட்டா வயர் 2, 3 மீற்றரைத் தாண்டுமென்றால் லான் கேபிளில் முறுக்கிய ஒரு சோடியை எடுத்து, ஒன்றில் டேட்டா, மற்றதில் நெகட்டிவ் விடுங்கள். நேரே கிடக்கும் தனி வயரைவிட இது எவ்வளவோ மேல். அதைவிட மேலானது, கன்ட்ரோலரைக் கூட்டுக்குள்ளேயே தலைக்கு அருகில் வைத்துவிட்டு 5 வோல்டை மட்டும் தூரம் கொண்டுபோவது.

குழப்பம் தலையில் இல்லாமல் நடுவில் ஓர் இடத்தில் இருந்து தொடங்குகிறதா? அந்த இடத்துக்கு முந்திய கடைசி நல்ல குமிழையும் முதல் கெட்ட குமிழையும் மட்டும் சந்தேகியுங்கள். நல்லதன் வெளிவாயில் இருந்து, கெட்டதைத் தாண்டி அதற்கடுத்ததன் உள்வாய்க்கு ஒரு துண்டு வயர் பிடித்தால் விடை தெரிந்துவிடும். கூட்டின் மூலையில் ஸ்ட்ரிப்பை மடித்திருந்தால் அந்த மடிப்பில் செப்பு வெடித்திருக்கும். ஸ்ட்ரிப் தட்டையாக மடங்காது. மூலையில் வெட்டி மூன்று குட்டி வயரால் இணைப்பதுதான் வழி.

கூட்டைச் சுற்றவைக்க ஒரு கியர் மோட்டர் வைத்திருந்து, அது ஓடும்போது மட்டும் மினுங்கினால் மோட்டரின் இரு காலுக்குக் குறுக்கே 100 நனோபரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று, முடிந்தால் மோட்டருக்குத் தனிச் சப்ளை.

நிறம் மாறி வருகிறது

சிவப்பு கேட்டால் பச்சை, பச்சை கேட்டால் சிவப்பு: இந்த ஸ்ட்ரிப் பச்சை, சிவப்பு, நீலம் என்ற வரிசையில் எதிர்பார்க்கிறது. அமைப்பில் ‘ஜீஆர்பி’ என்று மாற்றினால் முடிந்தது.

எல்லாம் சிவப்பு என்று கேட்டதற்குச் சிவப்பு, வெளிறிய பச்சை, நீலம் என மூன்று மூன்றாகத் திரும்பத் திரும்ப வந்து, நூறு குமிழுக்கு அனுப்பியதில் எழுபத்தைந்தோடு நின்றுபோனால் கடைக்காரர் தந்தது நான்கு நிற ஸ்ட்ரிப், எஸ்கே 6812 ரகம். அதில் தனி வெள்ளை இருப்பதால் குமிழுக்கு 32 பிட் வேண்டும். ரகத்தை மாற்றிச் சொல்லிவிடுங்கள், பணத்துக்கு நட்டமில்லை, வெள்ளை இன்னும் அழகாக வரும்.

சிறிது நேரம் ஓடி, தானே மீண்டும் தொடங்குகிறது

வெள்ளை வரும் நொடியில் மட்டும் ரீசெட் ஆனால் வோல்ட் அந்த நொடியில் குழிவிழுகிறது. ஈஎஸ்பி32 என்றால் கணினித் திரையில் ‘பிரவுன்அவுட்’ என்று தானே முறையிடும். சப்ளையின் திருகில் இருந்து கன்ட்ரோலருக்குத் தனி வயர் ஓட்டுங்கள், ஸ்ட்ரிப்பின் வாலில் இருந்து எடுக்காதீர்கள். போர்ட்டின் 5 வோல்ட் காலில் இருந்து ஸ்ட்ரிப்புக்குக் கரண்ட் எடுப்பது ஏழெட்டுக் குமிழுக்கு மேல் கூடாது.

வேலின் பின்னே போகும் வாகன அலங்காரத்தில் இன்னொரு வகை. 12 வோல்ட் பற்றரியில் இருந்து எல்எம்2596 பலகையால் 5 வோல்ட் எடுப்பார்கள். அதில் 3 அம்பியர் என்று போட்டிருக்கும். ஹீட்சிங்க் (சூடு தணிக்கும் உலோகத் துண்டு) இல்லாமல் நீண்ட நேரம் 2 தாங்கினால் பெரிது. செட்டியார் தெருவில் புறப்படும்போது ஜொலித்தது பம்பலப்பிட்டி போவதற்குள் சூடேறி அணைவதும், ஆறியபின் மீண்டும் எரிவதும் இதன் அடையாளம். குமிழ்களைப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பலகை கொடுங்கள், நெகட்டிவை மட்டும் பொதுவாக்குங்கள். அல்லது வெளிச்சத்தைக் கால்வாசிக்கு இறக்குங்கள். இரவில் கண்ணுக்கு அது தாராளம்.

நானோவில் குமிழ் எண்ணிக்கையைக் கூட்டியதும் உறைந்தால் அது மெமரி. 2048 பைட்தான் இருக்கிறது, குமிழுக்கு 3 பைட். 600 குமிழுக்கே 1800 போய்விடும். நானோவில் ஸ்ட்ரிப்பை ஓட்டும் நியோபிக்சல் லைப்ரரி இந்த இடத்தை ஓடும்போதுதான் கேட்டு வாங்குகிறது. எனவே கம்பைல் செய்யும்போது மெமரி நிறைய இருப்பதாகக் காட்டும், நம்பாதீர்கள். 400ஐத் தாண்டினால் ஈஎஸ்பி32க்கு மாறுவதே நிம்மதி.

ரிமோட்டை அமுக்கினால் சில வேளைதான் கேட்கிறது

ஸ்ட்ரிப்புக்கு டேட்டா அனுப்பும்போது நானோ மற்ற எல்லாவற்றுக்கும் காதை மூடிக்கொள்ளும். 100 குமிழுக்கு அது 3 மில்லி செக்கன். ரிமோட்டின் ஒரு துடிப்போ அரை மில்லி செக்கன் சொச்சம். ஓயாமல் நிறம் ஓடிக்கொண்டிருந்தால் கட்டளை பாதியில் சிதறும். ரிமோட்டுக்கு ஒரு நானோ, ஸ்ட்ரிப்புக்கு ஒரு நானோ என்று பிரிக்கலாம். ஒரு சாதாரண அமுக்கு பட்டன் வைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

புரோகிராம் ஏறவில்லை

வயரை மாற்றுங்கள்: போனோடு வந்த பல கேபிள்களில் சார்ஜ் வயர் மட்டுமே உண்டு. போர்ட் பெயர் திரையில் வந்தும் ‘நொட் இன் சிங்க்’ என்றால் பிராசசர் பட்டியலில் ‘ஓல்ட் பூட்லோடர்’ தெரிவு செய்யுங்கள். விலை குறைந்த நானோ பலவற்றுக்கு அதுதான். ஈஎஸ்பி32 இணையாமல் நின்றால், ஏற்றத் தொடங்கும்போது ‘பூட்’ பட்டனை அமுக்கிப் பிடியுங்கள்.

ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

மழைக்குப் பின் விழுந்தால் 230 வோல்ட் பக்கம் எங்கோ நனைந்திருக்கிறது. வெசாக் வருவது பெரும்பாலும் மே மாதத்தில், தென்மேற்குப் பருவமழை நெருங்கும் வேளை. கொழும்பில் பின்னேர மழையை நம்பித்தான் திட்டமிட வேண்டும். 230 வோல்ட் கூட்டுக்குள் போகவே கூடாது. சப்ளை கூரைக்குள், வெளியே போவது 5 வோல்ட் மட்டும். வயர் கூரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒரு வளைவு தொங்கவிட்டால் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், சப்ளைக்கு ஓடாது.

நனையாமலே விழுகிறது, அதுவும் நாலாவது ஐந்தாவது சப்ளையைச் செருகும்போதா? ஒவ்வொரு சப்ளையிலும் உள்ள இரைச்சல் வடிகட்டி சிறிதளவு கரண்டை எர்த்துக்குக் கசியவிடும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் 15ஐத் தாண்டினாலே விழ உரிமை உண்டு. ஐந்து சின்னச் சப்ளைக்குப் பதிலாக ஒரு பெரியது போடுங்கள். எர்த் வயரைக் கழற்றினால் விழாது என்று யாராவது யோசனை சொன்னால், அன்றைக்கு அவர் வயரிங் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சப்ளையின் தகரப் பெட்டியே ஷொக் அடிக்கும்.

புதுச் சப்ளை செருகியதும் வெடித்ததென்றால் பக்கவாட்டு ஓட்டைக்குள் 115, 230 என்று ஒரு சிறு தள்ளு சுவிட்ச் இருந்திருக்கும், அது 115இல் நின்றிருக்கும். எல்லாச் சப்ளையிலும் அது இல்லை. இருந்தால், முதல் தடவை செருகுமுன் பாருங்கள்.

போன வருடம் எரிந்தது, இந்த வருடம் துண்டு துண்டாக எரிகிறது

வெள்ளவத்தை, தெஹிவளைக் கரையோர வீடுகளில் இது சர்வசாதாரணம். கொனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருக்கும். வெட்டி எறிந்துவிட்டு நேரே ஈயம் வையுங்கள். சிலிக்கன் உறை போட்ட ஸ்ட்ரிப்பிலும் வெட்டிய முனை வழியே ஈரம் உள்ளே போகும். முனையை அடைக்க வினாகிரி மணக்கும் சாதாரண சிலிக்கனைப் பூசுவார்கள்; அந்த அமிலமே செப்பைத் தின்னும். ‘நியூட்ரல்’ என்று குழாயில் எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும். குளூ கன் பசை சிலிக்கன் உறையில் பிடிக்காது, ஒரு மழையில் உரிந்துவிடும். கழற்றி வைக்கும்போது சுருளை வெறும் பெட்டியில் போடாமல், மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். தலை எது, வால் எது என்று ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள்.